நின்று நின்று வந்த ரவை

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தை மாதக் கடைசியில், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரை வயலில் ஒரு பெருச்சாளியைப் பார்த்து ஞானப்பிரகாசம் சுட்ட ஏர்கன் ரவை, கடலூர் முதுநகருக்கு வந்து சேர ஏழு வருஷம் எடுத்துக்கொண்டது. பச்சைப்பயறு அளவு ஈயக்குண்டு, அவ்வளவுதான். இடுப்பு உயரத்தில், யாரும் பிடிக்காமல், எதுவும் தாங்காமல், ஒரு நாளைக்கு ஒரு நெட்டைத் தென்னையின் நீளம் என்று அது வந்தது. நடுவில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் திரும்பி ஒரு வருஷத்தை வீணாக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரமே வந்திருக்கும். அந்த வழியில் குடியிருப்பவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கவில்லை என்று சொல்கிறவர் அந்த வருஷங்களில் துபாயில் இருந்திருப்பார்.

பிரகாசம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருந்தவன். கறுப்புத் துணி கட்டிய பலகை, அதில் வரிசையாகப் பலூன்கள், முன்னால் மூன்று ஏர்கன்கள். அந்தத் தொழிலில் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. குழல் முனையில் குறி பார்க்கிற முள்ளைக் கொஞ்சம் வளைத்து வைத்திருப்பார்கள். வருகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ரவை ஒரு சாண் தள்ளித்தான் போகும். பத்தில் ஒன்று பட்டாலே அவன் காதலியின் முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவான். கடைக்காரனுக்கு மட்டும் கணக்கு தெரியும். மஞ்சளைச் சுட வேண்டுமென்றால் பிரகாசம் இடது பக்கத்துச் சிவப்பைப் பார்ப்பான், மஞ்சள் வெடிக்கும். சின்ன வயதிலிருந்து இப்படியே சுட்டுச் சுட்டு அது அவன் சுபாவமாகவே ஆகிவிட்டது. சாப்பிடும்போது குழம்பு வேண்டுமென்றால் ரசத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பான் என்று அவன் மனைவி வியாகுலமேரி கிண்டல் செய்வாள். அதில் பொய்யும் இல்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மூடியிருந்தது. பலகை போயிற்று, பந்தல் போயிற்று, துப்பாக்கிகள் மட்டும் வீட்டில் கட்டிலுக்கடியில் இருந்ததால் தப்பின. மகன் சகாய ஆனந்த் விழுப்புரத்தில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தான், அதுவும் நல்லதாயிற்று. ஆனால் மேரிக்குத் தூக்கம் போய்விட்டது. கடல் சும்மா இரைந்தாலே எழுந்து உட்கார்ந்துகொள்வாள். மேல்பட்டாம்பாக்கத்தில் அம்மா வீட்டுப் பக்கம் குடிபோய்விடலாம் என்று கேட்டாள், கெஞ்சினாள், பிறகு சண்டை பிடித்தாள். கடற்கரையை விட்டால் தனக்கு வேறு என்ன தெரியும் என்று பிரகாசம் கேட்டான். கடற்கரையில் ஈ காக்கை இல்லாத மாதம் அது. அதனால் அந்தக் கேள்வி கோபமாகத்தான் வந்தது.

அப்போதுதான் கதிர்வேல் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் பிரகாசத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். சிதம்பரத்துக்குத் தெற்கே அவனுக்கு நிலம். “துப்பாக்கி சும்மாத்தானே கெடக்குது மச்சான். பெருச்சாளிங்க கதிர் கதிரா வளைக்குள்ள இழுத்துக்கிட்டு போவுதுங்க. வந்து நாலு போடு போட்டுட்டு போயேன்” என்றான். அதே பெஞ்சில் மூன்றாவதாக உட்கார்ந்த ஆண்டி இப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் சிதம்பரத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனபோது மூன்று துப்பாக்கிகளையும் முன்கூட்டியே கொண்டுபோய்க் கதிர்வேலிடம் கொடுத்துவிட்டான். பிரகாசம் பின்னால் பஸ்ஸில் கிளம்பினான். கிளம்புகிற காலையில் மேரி வாசலில் நின்று, “ஊர் கெடக்குற கெடையில உங்களுக்கு எலி வேட்டை கேக்குதா? நீங்க திரும்பி வர்றப்ப நான் பட்டாம்பாக்கத்துலதான் இருப்பேன்” என்றாள். “போயேன். நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு இருந்துட்டா நிம்மதி” என்று சொல்லிவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

ஆண்டியும் வந்து சேர்ந்துகொள்ள, வேட்டை நன்றாகத்தான் நடந்தது. வரப்பில் இருந்த வளைகளில் மிளகாய் வற்றலும் வைக்கோலும் வைத்துப் புகை போட்டார்கள். பொழுது சாயும் நேரம் பெருச்சாளிகள் இருமிக்கொண்டு வெளியே வந்தன. கதிர்வேல் ஒன்றைச் சுட்டான், ஆண்டி ஒன்றைச் சுட்டான், இருவரும் தங்களுக்கே ஆச்சரியமாகி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பெருச்சாளி பிரகாசத்துக்கு எதிரே வந்து நின்றது. அவன் வழக்கம்போல ஒரு சாண் இடது பக்கம் குறி பார்த்தான். மனசு மட்டும் அங்கே இல்லை. காலையில் அப்படி ஒரு வார்த்தையை விட்டோமே என்று இருந்தது, விட்டது சரிதான் என்றும் இருந்தது. கண்ணுக்குள் மேரியின் முகம் நின்றது. விசையை இழுத்தான். பெருச்சாளி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வளைக்குள்ளேயே போய்விட்டது. “பலூன் கடைக்காரனே தவற வுட்டுட்டான்டா” என்று ஆண்டி வரப்பில் உட்கார்ந்து சிரித்தான். பிரகாசம் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான். கதிர்வேல் அப்போதுதான் பெருமையாகச் சொன்னான். “உங்கிட்ட சொல்லல மச்சான். முள்ளு மூணும் கோணலா இருந்திச்சி. லால்பேட்டை பாய் பட்டறையில குடுத்து நிமித்தி வச்சேன். இப்ப நூல் புடிச்சா மாதிரி போவும்.” உதவி என்று நினைத்துத்தான் செய்தான், அவனைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை கதிர்வேலின் மனைவி அமராவதி மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவள், வரப்புக்கு மேலே ரவை நிற்பதைப் பார்த்தாள். சிலந்தி நூலில் தொங்குகிறது என்று நினைத்து அரிவாளால் நூலை அறுத்தாள். நூல் இல்லை. பிடித்து இழுத்தாள், வரவில்லை. டீ கிளாஸ் அளவுக்குச் சூடாக இருந்தது என்று சொன்னாள். இரண்டு நாள் அது அதே இடத்தில் நின்றது. ஊர் கூடிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் நாள் பிரகாசம் அமராவதி கட்டிக் கொடுத்த கத்திரிக்காய் கொத்சோடு வீடு திரும்பினான். மேரி பட்டாம்பாக்கம் போகவில்லை. பை கட்டி வைத்திருந்தாள், போகத்தான் இல்லை. கொத்சைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள், பிறகு இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அன்று சாயங்காலம் கதிர்வேல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். ரவை நகர ஆரம்பித்துவிட்டது, வடக்கே பார்த்துப் போகிறது என்றான்.

ஜனங்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள். சிதம்பரத்தில் அது ஒரு ஜவுளிக்கடைக்குள் புகுந்து வெளியே வந்தபோது, துளை விழுந்த வேட்டிகளை முதலாளி தனியாகக் கட்டிவைத்து, ரவை பட்ட வேட்டி என்று சொல்லி விற்றார். சுவரென்றால் சுவரைத் துளைத்தது, மரமென்றால் மரத்தை. நெடுஞ்சாலையைக் கடக்கும்போது தெரியாமல் வந்த ஒரு பஸ்ஸை முன்கண்ணாடியிலிருந்து பின்கண்ணாடி வரைக்கும் ஊசி கோத்ததுபோல் கோத்துவிட்டது. நல்ல வேளை, நடுவில் யாரும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அது போகும் இடத்திலெல்லாம் முன்னால் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவைத்தார்கள். அந்தந்த ஊர்க்காரர்களே குச்சியைப் பிடுங்கி முன்னால் நட்டுக்கொண்டு போய், எல்லை வந்ததும் அடுத்த ஊரிடம் ஒப்படைத்தார்கள். ஒரு போலீஸ்காரர் வழக்குப் பதிய வந்தார், எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுப் போனார். கல்லூரியிலிருந்து ஒரு வாத்தியார் வந்து அளந்து பார்த்தார், இரண்டாம் முறை அளந்தார், பிறகு வரவே இல்லை. சில நாள்களில் ரவை காரணமில்லாமல் நின்றுவிடும். ஒரு நாள், இரண்டு நாள் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும். முட்லூரில் அதை அமாவாசைக் கோளாறு என்றார்கள். மின்வெட்டு வந்த பிறகு கரண்ட் இல்லாததால் நிற்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். ஆண்டி மட்டும் அதைச் சுட்டது நான்தான் என்று போகிற ஊரிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இரண்டாயிரத்து ஏழில் மேரி ஜெயித்தாள். பிரகாசம் கடையைச் சுருட்டிக்கொண்டு அவளோடு மேல்பட்டாம்பாக்கத்துக்குக் குடிபோனான். அந்த வாரமே, முட்லூர் தாண்டிக்கொண்டிருந்த ரவை வடமேற்கே மூக்கைத் திருப்பியது. சிவப்புத் துணிக் குச்சியை நட்டவர்களுக்குக் குழப்பம், குச்சியைப் பிடுங்கி எந்தப் பக்கம் நடுவது என்று தெரியவில்லை. பட்டாம்பாக்கத்தில் பிரகாசத்துக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. கரும்பு லாரிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கச் சகிக்காமல் மேரியே அடுத்த வருஷம் ஒரு சமாதானத்துக்கு வந்தாள். கடல் காதில் விழாத முதுநகரில் வீடு, சாயங்காலம் மட்டும் கடற்கரையில் கடை. அவர்கள் முதுநகரில் பால் காய்ச்சிய அன்று ரவை குறிஞ்சிப்பாடி முந்திரிக் காட்டுக்குள் நின்று, யோசித்து, கடலூரைப் பார்த்துத் திரும்பியது. மகன் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான், அந்தப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, இந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அது வருகிறது என்பது கடலூர் ஜில்லாவுக்கே தெரிந்துபோயிற்று.

எந்த ஒருவருக்கு என்பதுதான் தெரியவில்லை. பிரகாசம் கேட்கிறவர்களிடமெல்லாம் எனக்குத்தான் என்று சொன்னான். “சுட்டவரு அவரு. சுட்டவரையே தேடிக்கிட்டு எந்தக் குண்டாவது வருமா? எனக்குத்தான் வருது” என்று மேரி சமையலறையிலிருந்து சொல்வாள். அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். விசையை இழுத்த நேரத்தில் கண்ணுக்குள் நின்றது இவள் முகம்தானே. நான் என்ன நினைத்தேன், இவள் ஒழியட்டும் என்றா நினைத்தேன்? இல்லை. அப்படியென்றால் என்னதான் நினைத்தேன்? எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் பெருச்சாளியின் மூஞ்சிதான் ஞாபகம் வந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து அவளை விட்டு ஒரு ராத்திரிகூட அவன் வெளியூரில் தங்கவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்றுகொள்வதென்று முடிவு செய்துவைத்திருந்தான். பஸ்ஸையே கோத்தது தன்னை என்ன செய்யாது என்பதும் அவனுக்குத் தெரியும். சில நாள் காலையில் கண் விழித்ததும் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பான். “என்னாங்க அப்படிப் பாக்குறீங்க” என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் ‘தானே’ என்ற புயல் அடித்தது. பலா சாய்ந்தது, முந்திரி சாய்ந்தது, இவர்கள் வீட்டு ஓடுகள் பக்கத்துத் தெருவுக்குப் போயின. காரைக்காட்டைத் தாண்டியிருந்த ரவையைப் புயலால் ஒரு நூல்கூட அசைக்க முடியவில்லை. புயல் ஓய்ந்த பிறகு பார்த்தால், அது முதுநகர் எல்லைக்குள் வந்து, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு காலி மனையில் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் ஏறி நின்றால் சிவப்புத் துணி தெரியும். இன்னும் சில வாரம்தான். சொந்தக்காரர்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் மேரிதான் சொன்னாள். “பாத்துடலாங்க. நான் பட்டாம்பாக்கம் போறேன், நீங்க கதிர்வேல் அண்ணன் வீட்டுக்குப் போங்க. அது எந்தப் பக்கம் திரும்புதோ திரும்பட்டும். யாருக்குன்னு தெரியாம சோறு எறங்கல.” அவன் முடியாது என்றான். தெரிந்துவிடுமே என்று பயம். அவள் பையைக் கட்டிவிட்டாள். இந்த முறை உண்மையிலேயே போனாள்.

காவலுக்கு ஆண்டி இருந்தான். இரண்டு பேரும் பஸ் ஏறிய மறுநாள் கொள்ளிடக்கரையில் பிரகாசத்தின் செல்போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. அமராவதிதான் எடுத்து அவன் காதில் வைத்தாள். “மச்சான், நிக்கிது” என்றான் ஆண்டி.

“எந்தப் பக்கம் பாத்து?”

“எந்தப் பக்கமும் இல்லடா. சும்மா நிக்கிது.”

ஒரு வாரம் நின்றது. ஒரு மாதம் நின்றது. அதன் சூடுகூடத் தணிந்துவிட்டது. ஆண்டி தன் சாப்பாட்டுத் தூக்கை அதன்மேல் மாட்டிவைத்துவிட்டு நிழலில் படுத்துத் தூங்கினான். தூக்கு ஆடாமல் தொங்கியது. செய்தி பரவி, பங்குச் சாமியாரிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். பிரிந்திருந்தால் அது நிற்கிறது. அவ்வளவுதானே விஷயம்? அவர் சிதம்பரத்தில் இருக்கட்டும், அந்தம்மா பட்டாம்பாக்கத்தில் இருக்கட்டும், இரண்டு பேரும் நூறு வயசு வாழட்டும். உயிரை விடவா பெரிது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிரகாசம் கதிர்வேலின் வயலுக்குத் தண்ணீர் கட்டினான். மேரி அம்மா வீட்டில் மாவு அரைத்துக் கொடுத்தாள். போனில் பேசிக்கொண்டார்கள், சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. நன்றாகத்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் இளைத்துப் போனார்கள் என்பது மட்டும்தான்.

வைகாசியில் ஒரு நாள் பிரகாசம் அதே வரப்பில் போய் உட்கார்ந்தான். பெருச்சாளி ஒன்று வளையிலிருந்து தலையை நீட்டி அவனைப் பார்த்தது. பழைய பெருச்சாளியா, அதன் பேரனா, தெரியாது. அதைப் பார்த்ததும் அன்று காலை வாசலில் சொன்ன வார்த்தை அவனுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகத்தைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துப் பயந்தான், வார்த்தையை மறந்துபோனான். வழக்கம்போல ஒன்றைப் பார்த்து வேறொன்றைச் சுட்டிருக்கிறான், அவளையும் இல்லை, தன்னையும் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்திருப்பதை. அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறகு மேரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான், கண்ணுக்குள் நின்ற முகத்தையும் சேர்த்து. 

“நீங்க சுட்டதத்தான் ஊரே பாத்துச்சி” என்றாள் மேரி. “அன்னிக்கி நானும் பையைக் கட்டிக்கிட்டு அதையேதாங்க நெனச்சேன். எங்கிட்ட துப்பாக்கி இல்ல, அதான்.”

மறுநாள் மத்தியானம் கொள்ளிடம் போகிற டவுன் பஸ்ஸிலிருந்து மேரி இறங்கினாள். ஒரு கையில் துணிப் பை, இன்னொரு கையில் பலூன் மூட்டை. பிரகாசத்துக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, பயமும் இருந்தது. ஏன் வந்தாய் என்று கேட்டான். “அது அங்க முதுநகர்ல நிக்கிது. இங்க வந்து சேர அஞ்சாறு வருஷம் ஆவும். வந்தா கடலூருக்கு பஸ் ஏறிக்கலாம். பஸ்ஸா இல்ல?” என்றாள். இவ்வளவு சுலபமான விஷயம் ஏழு வருஷமாக ஒரு ஜில்லாவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அமராவதி அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஆண்டி பதறிப்போய்க் கூப்பிட்டான், தூக்கு தன்னால் தெற்கே போகிறது என்று. முதலில் சாப்பாட்டைக் கழற்றிக்கொள், ஊசிப்போய்விடும் என்று பிரகாசம் சொன்னான்.

துப்பாக்கி முட்களைக் கதிர்வேலே பழையபடி வளைத்துக் கொடுத்தான். ஆனித் திருமஞ்சனத் தேர் சமயத்தில் சிதம்பரத்தில் பலூன் கடை போட்டார்கள், நல்ல கூட்டம். மேரி ஊதிக் கொடுப்பாள், பிரகாசம் கட்டுவான். ரவை காரைக்காட்டுச் சாலையோரம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மனசால் பிரிந்தாலும் அது நின்றுவிடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், இவர்கள் வீட்டுச் சண்டை முப்பது மைல் தள்ளி ஒரு டீக்கடையில் தெரிந்துவிடும். போன் நம்பர் எப்படியோ எல்லோரிடமும் இருந்தது. “அண்ணே, காலையிலேர்ந்து நிக்கிதுண்ணே. அண்ணிகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?” என்று முகம் தெரியாதவர்கள் கேட்டார்கள். சண்டையை நீட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஐப்பசியில் ஒரு தடவை மூன்று நாள் நின்றது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை, பந்தலுக்குக் கொண்டுவந்த பழைய தார்ப்பாயைக் கேட்காமல் யாருக்கோ கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் மழை வந்தது, மேரி தன் முந்தானையைப் பிரித்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். மழை விடுவதற்குள் போன் அடித்தது. ஆண்டிதான்.

“நவுந்துடிச்சி மச்சான்.”

பிரகாசம் அதை மேரியிடம் சொன்னான். “வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பலூனை எடுத்து ஊத ஆரம்பித்தாள்.